பெட்ரோல் டேங்கியில் முறிந்து மாட்டிய டேப்பை எடுப்பது

பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில், பெட்ரோலைத் திறந்து மூடும் பெட்ரோல் காக் டேங்கியின் அடியில் இரண்டு எம்6 (6 மில்லிமீட்டர்) போல்ட்டில் நிற்கும். போல்ட் ஏறும் மரை டேங்கித் தகட்டில் இருப்பதில்லை. தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், அதில் மரை நிற்காது. உள்பக்கமாகத் தடித்த ஓர் இரும்புத் துண்டைப் பற்றவைத்து, அதில் துளை போட்டு மரை வெட்டியிருப்பார்கள். அந்தத் துண்டை இனி ‘கட்டி’ என்றே சொல்வோம். பல வருடம் மழையில் கிடந்த மோட்டாரில், அதுவும் பினாங்குக் கடல்காற்று பட்ட மோட்டாரில், இந்த போல்ட் துரு பிடித்து முறிவது வழக்கம். முறிந்த போல்ட்டை டிரில் போட்டு எடுத்துவிட்டு, மரையைச் சீராக்க டேப் (மரை வெட்டும் எஃகுக் கருவி) விடும்போது டேப்பும் முறிவதுதான் அடுத்த கட்டம். இந்தக் குறிப்பு அந்த இடத்தில் நிற்பவர்களுக்கு.

முதலில் கையில் இருக்கும் டிரில்லைக் கீழே வையுங்கள். ஹெச்.எஸ்.எஸ் (அதிவேக எஃகு) டேப்பின் கடினம், ராக்வெல் சி என்ற கடின அளவில் ஏறக்குறைய 62 முதல் 65. சாதாரண டிரில் பிட்டும் அதே உலோகம், அதே கடினம். ஒன்று மற்றொன்றை வெட்டாது. கட்டியோ மெத்தென்ற சாதா இரும்பு. டிரில் முனை டேப்பின் மேல் பட்டதும் வழுக்கிப் பக்கத்தில் இறங்கி, கட்டியைத் தின்ன ஆரம்பிக்கும். இரண்டு நிமிடத்தில் உங்களிடம் முறிந்த டேப் அப்படியே இருக்கும், அதன் பக்கத்தில் கோணலாக ஒரு புதுத் துளையும் இருக்கும். ஈஸி-அவுட் (முறிந்த போல்ட்டைத் திருகி எடுக்கும் கருவி) இன்னும் மோசம்: அதை நுழைக்க நடுவில் துளை வேண்டும், அந்தத் துளைதான் போட முடியாது, எப்படியோ போட்டு மாட்டினாலும் அதுவும் உள்ளேயே முறியும்.

முறிந்த டேப்புக்கு விலை கிடையாது, அதை எப்படி நாசம் செய்தாலும் நஷ்டமில்லை. கட்டிக்குத்தான் விலை. பல டேங்கிகளில் அந்தத் துளை மறுபக்கம் திறக்காத குருட்டுத் துளை. அதன் அடியைத் துளைத்துவிட்டால் போல்ட் மரை வழியாகப் பெட்ரோல் கசியும். கட்டியைச் சுற்றியுள்ள பற்று விரிசல் விட்டால் காக் உட்காரும் இடம் முழுக்க நனையும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், இது டேப்பை மட்டும் தொடுகிறதா, கட்டியையும் தொடுகிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் ஆவி

காலி டேங்கிதான் நிறைந்த டேங்கியைவிட ஆபத்து. பெட்ரோல் −40 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் பொருள். காற்றில் அந்த ஆவி சுமார் 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். காலி டேங்கிக்குள் இந்தக் கலவை தானாகவே அமைந்துவிடும். ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், தரையோடு தவழ்ந்து போகும்; நீங்கள் போர்ட்டிகோவில் வேலை செய்ய, அது வீட்டுக்குள் எரியும் சாமி விளக்கைத் தேடிப் போகும். சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், சிகரெட், குளிர்பெட்டியின் பின்புறம் எல்லாம் கணக்கில் வரும். சீனர்களின் ஏழாம் மாதத்தில் தாமானில் பக்கத்து வீட்டார் வாசலில் காகிதம் எரிக்கும் மாலையில் டேங்கியைத் திறக்கவே வேண்டாம்.

டேங்கியை மோட்டாரிலிருந்து கழற்றி, மிச்சப் பெட்ரோலை மூடியுள்ள கேனில் வடித்து, கேனைத் தூரத்தில் வையுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடியைக் கழற்றி, மிதவை அளவி இருந்தால் அதையும் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெந்நீரால் இரண்டு முறை குலுக்கிக் கழுவுங்கள். பிறகு தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, வழியவிட்டுக் கொட்டுங்கள். மூன்றாம் முறையும் மூக்கில் வாடை வந்தால் இன்னொரு முறை. வாடை வராததை வைத்து மட்டும் பாதுகாப்பு என்று முடிவு செய்யக் கூடாது. பழைய டேங்கிக்குள் துருவிலும், காய்ந்து பிசினாகிப்போன பெட்ரோல் படிவிலும் ஆவி ஒளிந்திருக்கும். உரசலில் சூடு ஏறியதும் வெளியே வரும்.

அதனால் பொறி பறக்கும் எந்த வேலையையும் டேங்கி நிறையத் தண்ணீரோடு செய்யுங்கள். டேங்கியைக் கவிழ்த்தால் காக் இருக்கும் பக்கம் மேலே வரும். நிரப்பும் மூடியை உள்ளே ரப்பர் வட்டு வைத்து இறுக்கி, அதன் காற்றுத் துளையை ஒட்டு நாடாவால் அடைத்து, காக் நுழையும் நடுத்துளை வழியே தண்ணீர் ஊற்றுங்கள். இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. சேணம் போல நடுவில் பள்ளமுள்ள டேங்கியைக் கவிழ்த்தால் இரண்டு மடல்கள் மேலே நிற்கும். காக் உள்ள மடலில் தண்ணீர் ததும்பும். மற்ற மடலில் காற்றும் ஆவியும் அகப்பட்டு நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் டேங்கி நிறைந்தது போலவே இருக்கும். காக் பக்கம் உயரும்படி டேங்கியைச் சாய்த்துப் பிடித்து, கொப்புளம் வருவது நிற்கும் வரை ஊற்றுங்கள். மறு மடலில் இணைப்புக் குழாய் இருந்தால் அதைத் திறந்து காற்றை விட்டுப் பிறகு அடையுங்கள். நடுத்துளைக்கு ஒரு கார்க் அடையுங்கள்; தண்ணீர் தெறிக்காது, உலோகச் சீவல் உள்ளே விழாது.

12 லிட்டர் தண்ணீர் என்றால் 12 கிலோ. அவ்வளவு எடையை மேசை விளிம்பில் வைத்துத் தடுமாறாமல், பழைய கார் டயருக்குள் துணி விரித்து டேங்கியை உட்கார வையுங்கள். அசையாது, பெயிண்டும் பிழைக்கும்.

கேஸ் தீ இந்த வேலையில் எங்குமே கிடையாது. போல்ட் முறிந்தால் சூடாக்கி எடுக்கும் பழக்கம் எஞ்சினுக்குச் சரி.

உள்ளே எவ்வளவு இருக்கிறது

கையில் மிஞ்சிய டேப்பைத் தூக்கி எறியாதீர்கள். அதே அளவு புது டேப் ஒன்றின் பக்கத்தில் வைத்து அளந்தால், குறையும் நீளம்தான் துளைக்குள் இருப்பது. 6 மில்லிமீட்டர் குறைந்தால் ஒரு வேலை, 12 குறைந்தால் வேறு வேலை. முறிந்த முகத்தைப் பார்த்து நீளப் பள்ளங்கள் மூன்றா நான்கா என்று எண்ணிக்கொள்ளுங்கள். டேப் எடுக்கும் கருவி வாங்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.

துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். டேப்பின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, மட்டமாக இருக்கிறதா, உள்ளே இறங்கிவிட்டதா? நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா? சாய்ந்திருந்தால் பழைய போல்ட்டுக்கு டிரில் போடும்போதே துளை நடுவிலிருந்து விலகியிருக்கிறது. ஒரு பக்கம் பழைய போல்ட்டின் பிறை போன்ற மிச்சமும் இருக்கும். அப்படிப்பட்ட டேப் திருகினால் வராது. கீழே சொல்லும் அரைக்கும், அரிக்கும் வழிகளுக்கு நேராகப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

திருகி எடுப்பது

பள்ளங்களில் அடைத்திருக்கும் சீவலைத் தையல் ஊசியாலோ மெல்லிய கம்பியாலோ கிளறி எடுங்கள். டேப்பை இறுக்கிப் பிடித்திருப்பது பெரும்பாலும் மரை அல்ல, இந்தச் சீவல்தான். கம்ப்ரெசர் காற்று அடித்தால் கண்ணுக்குத்தான் வரும். கண்ணாடி போடாமல் அடிக்காதீர்கள். நுனி காந்தம் வைத்து மிச்சத்தை உறிஞ்சி, துரு இளக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். நெருப்பு பிடிக்கும் எண்ணெய் என்பதால், பிறகு பொறி பறக்கும் வேலைக்குப் போனால் அதையும் துடைத்துக் கழுவிவிட்டே போக வேண்டும்.

2 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் சிறிய வைஸ் கிரிப் (கவ்விப் பூட்டும் இடுக்கி) பிடிக்கும். இடம்புறமாக ஒரே மூச்சில் சுற்றாதீர்கள். கடிகார முள் ஒரு நிமிடம் நகரும் அளவுக்கு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். முதலில் அசைவே தெரியாது. எண்ணெய் துளையின் விளிம்பில் நடுங்குவது தெரியும். அதுதான் அடையாளம். அசைய ஆரம்பித்த டேப் பொறுமைக்குக் கட்டுப்படும்.

மட்டமாகவோ உள்ளேயோ இருந்தால் டேப் எடுக்கும் கருவி. நீளப் பள்ளங்களுக்குள் இறங்கும் மெல்லிய எஃகு விரல்களும், அவை விரியாமல் பிடிக்கும் ஒரு வளையமும் அதில் இருக்கும். விரல்களை முடிந்த ஆழத்துக்குத் தள்ளி, வளையத்தைக் கட்டியின் மேல் படும் வரை கீழே இறக்கி, டேப் பிடியால் மெதுவாக ஆட்டுங்கள். வளையம் உயரத்தில் நின்றால் விரல்கள் முறுக்கிக்கொள்ளும். எம்6 அளவுக்கு வரும் விரல்கள் குண்டூசியைவிடக் கொஞ்சம்தான் தடிமன்; பலம் காட்டும் கருவி அல்ல இது. சீவல் இறுகாமல் முறிந்த டேப்புக்கு அருமையாக வேலை செய்யும். துளையின் அடியில் முட்டி முறிந்த டேப்புக்கு ஐந்து நிமிடம் பார்த்து, அசையவில்லை என்றால் நிறுத்துங்கள். விரல் ஒன்று உள்ளே முறிந்தால் சிக்கல் இரண்டாகிவிடும்.

நட்டு வைத்து வெல்டிங் செய்து திருகும் வழி எஞ்சின் வேலையில் பிரபலம். டேங்கியில் அதைப் பரிந்துரைப்பதற்கில்லை. ஆவி ஒரு காரணம். மற்றொன்று, வெல்டிங் சூடு கட்டியின் பற்றை இளக்கும், சுற்றியுள்ள மெல்லிய தகட்டை நெளிக்கும்.

உடைத்து எடுப்பது

ஹெச்.எஸ்.எஸ் கடினமானது, அதே காரணத்தால் நொறுங்கக் கூடியது. கூரான கார்பைடு முனைப் பஞ்ச் ஒன்றைப் பள்ளத்தின் ஓரத்தில் சாய்த்து வைத்துச் சிறு சுத்தியால் தட்டினால் டேப் சில்லு சில்லாகப் பெயரும். பெரிய வார்ப்பிரும்பு எஞ்சினில் இது நல்ல வழி. டேங்கியில் அடிக்குப் பின்னால் தாங்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு தட்டும் கட்டியின் பற்றைச் சோதிக்கும். 100 கிராம் சுத்தியால் மேலோட்டமாகப் பத்து இருபது தட்டு, அதற்கு மேல் வேண்டாம். சில்லு பறக்கும் வேகம் கண்ணுக்குத் தெரியாது. சுற்றிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

அரைத்து எடுப்பது

வீட்டில் செய்யக் கூடியவற்றில் நம்பகமானது இது. கையடக்கச் சுழல் கருவியில் கார்பைடு பர் (அரைக்கும் சிறு முனை) அல்லது வைரத்தூள் பூசிய பர் மாட்டி, டேப்பின் நடுத்தண்டை மட்டும் அரைத்து ஒழிப்பது. எம்6 டேப்புக்கு முதலில் 2 மில்லிமீட்டர் பர், நடுவில் குழி விழுந்ததும் 3 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டரைத் தாண்டவே கூடாது. மரையின் உள்விட்டம் 5, அதைத் தொட்டால் கட்டியின் மரை போய்விடும். நடுத்தண்டு காலியானதும் மூன்று அல்லது நான்கு பற்கள் தனித்தனியாகத் தளர்ந்து நடுவில் சாயும். ஊசியால் நெம்பி, காந்தத்தில் எடுத்துவிடலாம்.

சுழற்சி வேகம் நிமிடத்துக்கு 20,000 வரை வைக்கலாம். கையை அழுத்தக் கூடாது. பர் தன் எடையில் அரைக்கட்டும். கார்பைடு அழுத்தத்தில் முறியும், முறிந்த கார்பைடை எடுக்க வைரம் வேண்டும். வைரப் பர் என்றால் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும்; காய்ந்து சூடானால் வைரத்தூள் உதிர்ந்துவிடும். ஒரு டேப்புக்கு இரண்டு மூன்று வைரப் பர் தேய்ந்து போவது சாதாரணம், ஆகவே ஒன்று மட்டும் வாங்கி வேலையைத் தொடங்காதீர்கள்.

மின் இணைப்புள்ள கருவியில் தண்ணீர் கலந்த வேலை வேண்டாம். பேட்டரிக் கருவியோ வளையும் தண்டு மாட்டிய கருவியோ பயன்படுத்துங்கள். கருவியின் மோட்டார் கார்பன் பிரஷ்ஷிலேயே பொறி வரும் என்பதையும் மறக்க வேண்டாம். தண்ணீர் நிரப்பச் சொன்னது வெறும் சம்பிரதாயத்துக்கு அல்ல. கம்ப்ரெசர் இருந்தால் காற்றில் ஓடும் சிறு கிரைண்டர் எல்லாவற்றையும்விடச் சிறந்தது.

கை நடுங்கும் என்பவர்கள் 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் துண்டில் 3.2 மில்லிமீட்டர் துளை போட்டு, அதைக் காக்கின் மற்ற எம்6 துளையில் போல்ட் போட்டு இறுக்கி, வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு துளைகளுக்கும் இடையிலான தூரத்தை நீங்கள் கழற்றிய காக்கிலிருந்தே அளந்துகொள்ளுங்கள். பர் நடுவிலிருந்து விலக வழியே இருக்காது.

பொறியால் அரித்து எடுப்பது

மேலே சொன்ன எதுவும் இல்லாமல், கட்டியைத் தொடாமல் டேப்பை மட்டும் எடுக்கும் வழி ஈ.டி.எம். செம்பு அல்லது பித்தளைக் கம்பி ஒன்று டேப்பைத் தொடாமல் மிக அருகில் நின்று, ஓடும் திரவத்துக்குள் தொடர்ந்து சிறு மின்பொறிகளை விட்டு உலோகத்தைப் பொடியாக அரிக்கும். உலோகம் எவ்வளவு கடினம் என்பது அதற்குப் பொருட்டே அல்ல. எம்6 டேப்புக்கு 3 மில்லிமீட்டர் கம்பி போதும். நடுத்தண்டு அரிந்ததும் பற்கள் தாமே விழும்.

இந்த விஷயத்தில் நாம் இருக்கும் ஊர் நல்ல ஊர். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும், எதிர்க்கரையில் உள்ள பிறையும் வார்ப்பு அச்சு செய்யும் பட்டறைகளால் நிறைந்தவை, அவர்களுக்கு ஈ.டி.எம் அன்றாட வேலை. கோலாலம்பூர் வட்டாரத்தில் சான் சோ லின், செகாம்புட், பாலாக்கோங் பக்கம் போனால் கடைசல் பட்டறைகளில் விசாரிக்கலாம். ‘மாத்தா டேப் பாத்தா’ (டேப் முறிந்துவிட்டது) என்று மலாயில் சொன்னாலே புரிந்துகொள்வார்கள். கேட்க வேண்டியது ஒன்று: அவர்களிடம் இருப்பது பொருளைத் தொட்டிக்குள் முக்கும் பெரிய மெஷினா, காந்தத்தில் ஒட்டி நிற்கும் சிறிய டேப் பர்னரா? டேங்கியின் உருவம் தொட்டிக்குள் அடங்காமல் போகலாம். டேப் பர்னர் தண்ணீர் பாய்ச்சியே வேலை செய்யும், டேங்கிக்கு அதுவே சௌகரியம்.

கொண்டுபோகும் முன் டேங்கியைக் கழுவி, காய வைத்து, மூடியைத் திறந்தே எடுத்துச் செல்லுங்கள். பெட்ரோல் வாடையோடு வரும் டேங்கியை நல்ல பட்டறைக்காரர் கேட்டுக்குள் விடமாட்டார், விடுகிறவரிடம் கொடுக்காதீர்கள். அங்கேயும் தண்ணீர் நிரப்பித்தான் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். எர்த் கிளிப் பிடிக்கக் காக் உட்காரும் முகத்தில் பெயிண்ட் இல்லாத இடம் வேண்டும். புதிதாகப் பெயிண்ட் அடித்த டேங்கி என்றால் சுற்றிலும் ஒட்டு நாடா ஒட்டி ரப்பர் விரித்துக் கொடுங்கள். பெயிண்ட் அடிக்கும் முன்பே மரை வேலையை முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

அரிய பழைய டேங்கி, மாற்று கிடைக்காதது என்றால் திருகும் முயற்சி தோற்றதும் நேராக இங்கே வந்துவிடுங்கள். நடுவில் உள்ள வழிகளை முயன்று கட்டியைப் பாதி கெடுத்த பிறகு வந்தால் ஈ.டி.எம்மாலும் போன மரையைத் திருப்பித் தர முடியாது.

படிகாரம் பற்றி

படிகாரக் கரைசலில் கொதிக்கவிட்டால் முறிந்த டேப் கரைந்துவிடும் என்ற யோசனை அடிக்கடி வரும். லிட்டில் இந்தியா நாட்டு மருந்துக் கடையில் மலிவாகக் கிடைப்பதால் கை பரபரக்கும். சூடான படிகாரக் கரைசல் இரும்பைத் தின்னும், அலுமினியத்தையும் பித்தளையையும் ஏறக்குறைய விட்டுவிடும் என்பது உண்மை. ஆனால் உங்கள் டேங்கியே இரும்பு, கட்டியும் இரும்பு. மெல்லிய தகடு கரைந்து முடிந்த பிறகும் ஹெச்.எஸ்.எஸ் டேப் உள்ளே சிரித்துக்கொண்டிருக்கும். அலுமினியத்தில் முறிந்த டேப்புக்கு மட்டும் இது பொருந்தும். காக்கின் உடலில் முறிந்திருந்தாலும் அவசரப்படாதீர்கள்: பழைய காக் பல துத்தநாகக் கலப்பு வார்ப்பு, அதையும் படிகாரம் அரிக்கும்.

பிரிட்டிஷ் மோட்டார்கள்

பி.எஸ்.ஏ, டிரயம்ப், நார்டன் டேங்கிகளில் போல்ட் கிடையாது. காக்கே மரையாக ஏறும். பெரும்பாலும் பெயரளவில் கால் அங்குல பி.எஸ்.பி (பிரிட்டிஷ் குழாய் மரை): வெளிவிட்டம் 13.157 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 19 மரை. இவ்வளவு தடித்த டேப் முறிவது அபூர்வம். இங்கே முறிவது காக்கின் பித்தளைக் கழுத்து. பித்தளை என்பதால் டிரில் தாராளமாக ஏறும். 10 மில்லிமீட்டர் வரை படிப்படியாகத் துளையைப் பெரிதாக்கி, இரும்பறுக்கும் பிளேடைத் துளைக்குள் விட்டு, ஒரு பக்கம் மரையின் நிழல் தெரியும் வரை அறுத்து, பஞ்ச்சால் உள்நோக்கி மடித்தால் குழல் சுருண்டு வெளியே வரும்.

மரையைச் சீராக்கும்போது கவனம். ஹார்டுவேர் கடையில் குழாய் வேலைக்கு விற்பது பெரும்பாலும் கூம்பு மரை டேப். பெட்ரோல் காக்குக்கு வேண்டியது நேர் மரை. கூம்பு டேப்பை ஆழமாக விட்டால் வாய் அகன்று காக் ஆடும். அமெரிக்கக் குழாய் மரையான என்.பி.டி-யின் கால் அங்குல அளவில், அங்குலத்துக்கு 18 மரை. இரண்டு சுற்று ஏறி மூன்றாவதில் மரையைத் தின்னும். இந்தக் காக்கைச் சீல் செய்வது மரை அல்ல, அடியில் போடும் டவ்டி வாஷர் (ரப்பர் ஒட்டிய உலோக வளையம்) அல்லது ஃபைபர் வாஷர். டெஃப்லான் நாடா சுற்றினால் அதன் நூல் போய்க் கார்ப்பரேட்டர் ஜெட்டில் உட்காரும்.

மரையை மீட்பது

டேப் வெளியே வந்ததும் புது எம்6 போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றிப் பாருங்கள். ஐந்து சுற்று ஆடாமல் ஏறினால் அதிர்ஷ்டம். 1960-களின் பிற்பகுதிக்கு முந்திய ஜப்பானிய மோட்டார் என்றால் ஒரு சங்கதி: எம்6 அன்றும் இன்றும் 1 மில்லிமீட்டர் இடைவெளிதான், ஆனால் எம்5 அன்று 0.9, இன்று 0.8. பழைய எம்5 துளையில் இன்றைய டேப்பை விட்டதே முறிவுக்குக் காரணமாக இருக்கலாம்.

மீண்டும் டேப் விட வேண்டியிருந்தால் எம்6-க்கு 5.0 மில்லிமீட்டர் துளை புத்தகக் கணக்கு. துருவேறிய கட்டியில் 5.1 போடுங்கள். மரையின் ஆழம் 77 விழுக்காட்டிலிருந்து 69-க்குக் குறையும், காக் பிடிக்க அது தாராளம். டேப்பின் மேல் வரும் முறுக்கம் நன்றாகவே குறையும். மூன்று டேப் கொண்ட செட்டை வரிசையாக விடுங்கள். குருட்டுத் துளையின் ஆழத்தைத் தீக்குச்சியால் அளந்து, டேப்பில் இன்சுலேஷன் நாடா ஒட்டி அடையாளம் வையுங்கள். பாதிச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைப்பது. கட்டிங் ஆயில் போடுங்கள். டேப்பைக் கார்ட்லெஸ் டிரில்லில் மாட்டுவதுதான் முதல் டேப்பைக் கொன்றிருக்கும்.

மரை போய்விட்டிருந்தால் ஹெலிகாயில், அதாவது துளைக்குள் புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள். எம்6-க்கு 6.3 மில்லிமீட்டர் துளை, அதற்கான தனி டேப், 6 மில்லிமீட்டர் நீளமுள்ள சுருள். அந்தத் தனி டேப்பின் வெளிவிட்டம் 7.3 வரும். துளையைச் சுற்றி 2 மில்லிமீட்டராவது இரும்பு மிஞ்ச வேண்டும், காக்கின் ரப்பர் வளையம் உட்காரும் முகத்தை அது வெட்டக் கூடாது. ஆழத்தை ஒரு மயிரிழையும் கூட்டாதீர்கள். சுருள் முகத்துக்கு அரைச் சுற்று கீழே நிற்கட்டும்; அடியில் உள்ள வாலை முறித்து எடுத்துவிடுங்கள். எம்8-க்குப் பெரிதாக்கும் யோசனை வேண்டாம், காக்கின் காது அதற்குத் தாங்காது.

துளை உள்ளே திறந்துவிட்டதா? பெட்ரோல் தாங்கும் மரைப் பசை தடவி, போல்ட் தலைக்கு அடியில் ஃபைபர் அல்லது நைலான் வாஷர் போட்டால் பெரும்பாலும் நிற்கும். துளை திறந்தே வரும் டேங்கிகளில் தொழிற்சாலையே இந்த வாஷரைப் போட்டுத்தான் அனுப்பியது. கட்டியே ஆடுகிறது என்றால் பசையெல்லாம் ஏமாற்று. டேங்கி வேலை தெரிந்த பற்றுக்காரரிடம் கொடுத்துக் கட்டியை மாற்றுங்கள்.

சோதனை

தண்ணீரைக் கொட்டியதும் இந்த ஊர் ஈரப்பதத்தில் ஒரு மணி நேரத்தில் செம்மண் நிறம் வரும். உடனே குளிர்காற்று ஊதி, வாய் கீழே இருக்கும்படி உச்சி வெயிலில் வையுங்கள். காந்தத்தைக் கம்பியில் கட்டி உள்ளே மேயவிட்டுச் சில்லுகளை எடுங்கள், ஹெச்.எஸ்.எஸ் காந்தத்தில் ஒட்டும், கார்பைடு சில்லு ஒட்டுவதை நம்ப முடியாது, அதற்குக் கழுவல்தான் வழி. காய்ந்ததும் 50 மில்லி 2டி (டூ-ஸ்ட்ரோக்) எண்ணெய் ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டிவிட்டால் துரு நிற்கும்.

காக்கைப் புது ரப்பர் வளையத்தோடு மாட்டி, எம்6 போல்ட்டுகளை மாறி மாறி 7 நியூட்டன்-மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள். டார்க் ரென்ச் இல்லாதவர்கள் சிறிய ஸ்பேனரின் நுனியை இரண்டு விரலால் பிடித்து இறுக்கினால் போதும். கட்டியைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூள் தடவி, மண்ணெண்ணெய் இரண்டு லிட்டர் ஊற்றி 24 மணி நேரம் நிற்க வையுங்கள். பெட்ரோலைவிட மண்ணெண்ணெய் நிதானமாக ஆவியாகும். மெல்லிய விரிசலிலும் ஊர்ந்து வந்து சுண்ணாம்பைக் கறையாக்கிக் காட்டிக்கொடுக்கும். காற்று அடித்துச் சோதிப்பவர்கள் 2 பி.எஸ்.ஐ தாண்ட வேண்டாம், டேங்கித் தகடு உப்பினால் திரும்பாது.

முதல் இரண்டு டேங்கி பெட்ரோலுக்குக் குழாயில் கண்ணாடி ஃபில்டர் ஒன்று போட்டு ஓட்டுங்கள். பழுப்பு நிறப் பொடி தெரிந்தால் டேங்கியின் துரு. மினுக்கும் வெள்ளிப் பொடி தெரிந்தால் அரைத்த டேப் இன்னும் உள்ளே இருக்கிறது. டேங்கியை மறுபடி இறக்கிக் கழுவிவிட்டு ஓட்டுங்கள்.